பெண் கடலின் அடியில்

இராமநாதபுரத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல நிலம் ஒடுங்கிக்கொண்டே போகிறது. உச்சிப்புளியைக் கடந்தபின் பனையும் தென்னையும் உடைமரமுமே துணை. மண்டபத்தை நெருங்கும்போது இருபுறமும் கடல் வந்து சேர்ந்துகொள்கிறது. தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் விரிகுடா. முன்னதை ஆண் கடல் என்றும், பின்னதைப் பெண் கடல் என்றும் அக்கரை மக்கள் அழைக்கின்றனர். தென்கடலில் அலை எழுந்து ஆர்ப்பரிக்கும் நாட்களிலும் வடகடல் ஊருணிபோல் அமைதியாகக் கிடக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் மட்டும் இந்நிலை தலைகீழாகும். அப்போது பெண் கடலை நம்பி இறங்குவோர் இல்லை.

2016-ஆம் ஆண்டு மே திங்களில் பத்து நாட்கள் அங்கே தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. குருமடத்தில் நம்முடன் பயின்ற நண்பர் ஒருவர் அப்பகுதியில் பங்குப்பணி ஆற்றி வந்தார். மீன்பிடித் தடைக்காலமாதலின் விசைப்படகுகள் கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. இழுவலைகள் ஓய்ந்திருந்தமையால் நீரும் சற்றுத் தெளிந்திருந்தது. “கடலுக்குள் தலையை விட்டுப் பார்ப்பதென்றால் இப்போதே பாரும், பிறகு காற்று விடாது” என்றார் நண்பர். அவர் சொல்லாவிடினும் நாம் பார்க்கத்தான் போயிருந்தோம். வெளிநாட்டில் பணிபுரியும் தம்பி மகன், தான் பயன்படுத்திய டிஜிட்டல் காமிரா ஒன்றையும், நீர் புகாதபடி அதனை மூடும் காப்புப் பெட்டியையும் நம்மிடம் விட்டுச் சென்றிருந்தான். சட்டைப்பையில் வைத்தால் செபப்புத்தகம் அளவுகூடத் துருத்தாத மெல்லிய கருவி அது.

கடலடியில் படம் எடுப்பது என்றால் பெருஞ்செல்வரும் அறிஞர் குழுவினரும் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்று முன்னாளில் எண்ணினர். அவ்வாறு எண்ணியதில் வியப்பும் இல்லை. பிரான்சு நாட்டின் தென்கரையில் பானியூல்ஸ் என்னும் ஊரில் லூயி பூத்தான் என்ற அறிஞர் 1893-ஆம் ஆண்டு கடலடிப் படங்களை எடுத்தபோது, கனத்த பெட்டிக்குள் காமிராவை வைத்து நீரில் இறக்க வேண்டியிருந்தது. ஒரு படத்திற்கு அரைமணி நேரம் வரையில்கூட ஒளியை உள்ளே விட்டுக் காத்திருந்தார். அரைமணி நேரம் அசையாமல் நிற்கும் மீன் எக்கடலில் உண்டு? 1926-ஆம் ஆண்டு புளோரிடாக் கடலில் லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர் முதன்முதலாக மீனை அதன் இயற்கை வண்ணத்தோடு படம் பிடித்தனர். அதற்கு வேண்டிய ஒளிக்காக, மிதவையின்மேல் மக்னீசியத் தூளை வைத்து வெடிக்கச் செய்தனர். இன்று பள்ளிச் சிறுவன் விரலசைவில் செய்யும் காரியத்திற்கு அவர்கள் உயிரையே பணயம் வைத்தார்கள்.

காமிரா மெலிந்த கதையும் சுவையானதே. சாதாரணக் காமிராவில் லென்சு மூக்குப்போல் முன்னால் நீளும். அணைத்ததும் உள்ளே சுருங்கும். இப்படி நீண்டு சுருங்கும் உறுப்பு இருக்குமிடத்தில் நீரைத் தடுத்து நிறுத்துவது கடினம். பொறியியலார் ஒளியைப் பட்டகம் ஒன்றின் துணையால் செங்கோணமாக மடக்கி, லென்சு அடுக்கைக் கருவியின் உடலுக்குள்ளேயே மேலும் கீழுமாகப் படுக்க வைத்தனர். 2002-இல் வெளிவந்த மினோல்டா டைமாஜ் எக்ஸ் இம்முறையில் அமைந்தது. மூக்கு நீளாத காமிராவை அடைப்பது எளிதாகவே, 2006-இல் ஒலிம்பஸ் நிறுவனம் பெட்டியே இல்லாமல் மூன்று மீட்டர் ஆழம் தாங்கும் மெல்லிய காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கைப்பேசி வந்து இவ்வினத்தைக் கடைகளிலிருந்து பெரும்பாலும் விரட்டிவிட்டது. ஆயினும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இவை தூங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

நம்முடையது காப்புப் பெட்டி தேவைப்படும் வகை. பெட்டிக்குள் புகுந்ததும் மெல்லிய காமிரா செங்கல்போல் பருத்துவிடுகிறது. நீருக்குள்ளோ எடையே தெரிவதில்லை. கைவிட்டால் மேலே மிதந்து வரும். அதன் உயிர்நிலை மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் ஒன்றே. ஒரு தலைமுடி, ஒரு மணற்பருக்கை அவ்வளையத்தின்மேல் கிடந்தால் போதும். கடல் உள்ளே வந்துவிடும். ஆகவே பஞ்சு உதிராத துணியால் அதைத் துடைத்து, சிலிக்கோன் பசையைப் பளபளப்பு மட்டும் தோன்றுமளவு தடவவேண்டும். அள்ளிப் பூசுதல் ஆகாது. பசையே மணலைப் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் காமிராவை வைக்காமல், பெட்டிக்குள் வெறும் மெல்லிய காகிதத்தை மடித்து வைத்து நீரில் அமிழ்த்திப் பார்த்தோம். காகிதம் நனையவில்லை. மறுநாள் விடியற்காலை, வெயில் ஏறுமுன், காமிராவோடு புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் உள்ளே செருகி மூடினோம். இல்லையேல் உள்ளே அடைபட்ட ஈரக்காற்று கண்ணாடியில் பனிபோல் படிந்து, எல்லாப் படங்களும் மார்கழிக் காலையாகிவிடும். கடலிலிருந்து திரும்பியதும் பெட்டியை நல்ல நீரில் ஊறவைத்த பின்னரே திறக்க வேண்டும். உப்பு உலர்ந்துவிட்டால் பொத்தான்கள் இறுகிப்போகும்.

எங்கே இறங்குவது என்பது அடுத்த வினா. இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரையில் மன்னார் வளைகுடாவில் வரிசையாக அமைந்த 21 தீவுகளும், அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ஆம் ஆண்டு முதல் தேசியக் கடற்பூங்காவாகும். வனத்துறையின் அனுமதியின்றி அங்கே செல்லலாகாது. அத்தீவுகளில் இரண்டு, பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்த கொடுமையாலும் கடலரிப்பாலும் நீருக்குள் மூழ்கிப்போயின. 2001-ஆம் ஆண்டு முதல் பவளத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் வனவிலங்குச் சட்டத்தின்படி குற்றம். நாம் சென்றது வடகடலுக்கு. முனைக்காட்டிலிருந்து பாம்பன் நோக்கி, கரைக்கு இணையாகச் சில நூறு மீட்டர் தொலைவில் பவளப் பார் ஒன்று நீண்டு கிடக்கிறது. கரைக்கும் பாருக்கும் இடையே ஓர் ஆள் ஆழங்கூட இல்லாத பரவைக்கடல். விலையுயர்ந்த மூச்சுக்காற்று உருளைகள் வேண்டா; நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழலும் போதும். கல்லை மிதிக்காமலும் எதையும் எடுக்காமலும் பார்த்துவர வேண்டும், அவ்வளவே.

நம்மை வத்தையில் அழைத்துச் சென்ற பெரியவர் இளமையில் சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பை அவர் பார்த்ததில்லை. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961-ஆம் ஆண்டில். ஆனால் அவருடைய தகப்பனார் முத்தும் குளித்தவராம். நாம் நீரில் இறங்குமுன், மூச்சைப் பலமுறை வேகவேகமாக இழுத்து நிரப்ப முயன்ற உடன்வந்த இளைஞனை அவர் தடுத்துவிட்டார்.

“அப்படி அள்ளி அள்ளிக் குடிக்காதே தம்பி. ரெண்டு மூச்சு, மூணாவதுல இறங்கு. நெஞ்சு முட்டுனா உடனே மேல வா. முட்டாமலே மயங்குனவன் எல்லாம் மேல வரல.”

மருத்துவ நூல்களும் இதையே கூறுகின்றன. வேகமாக மூச்சு விடுவதால் குருதியிலுள்ள கரியமிலவாயு குறைந்துவிடுகிறது. மூச்சுவிடத் தூண்டுவது அவ்வாயுவே. ஆகவே தூண்டுதல் தோன்றுமுன்பே பிராணவாயு தீர்ந்து நினைவு தப்பிவிடும். படம் எடுக்கும் ஆவலில் இருப்போருக்கு இது இருமடங்கு ஆபத்து. தனியாக இறங்குவது எக்காலத்தும் கூடாது.

முகத்தை நீருக்குள் தாழ்த்தியதும் முதலில் தெரிந்தது கடற்புல் மேடு. அக்கரையில் தாழை என்பர். ஆவுளியா என்னும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலம் அது. புல்லிடையே ஓரா மீன்கள் கூட்டமாக மேய்ந்தன. காமிராவின் பொத்தானை அழுத்தினோம். படத்தில் புல் மட்டுமே இருந்தது. இவ்வகைச் சிறு காமிராக்கள் பொத்தானை அழுத்தியபின் சற்றே சிந்தித்துத்தான் படம் எடுக்கும். அதற்குள் மீன் தன் வழியே போய்விடுகிறது. பாதி அழுத்திக் காத்திருந்து, மீன் திரும்பும் இடத்தை முன்னறிந்து, மீதி அழுத்த வேண்டும். கடற்சாமந்தியின் இதழ்களுக்குள் குடியிருக்கும் சின்னஞ்சிறு மீன் இதற்கு நல்ல பயிற்சி தரும். எத்தனை முறை விலகினாலும் வீட்டை விட்டு வெகுதூரம் போகாது. கடல் அட்டையும் நட்சத்திர மீனும் நம்மைப் போன்ற வயதினருக்கேற்ற பொறுமைசாலிகள்.

வண்ணந்தான் பெரும் புதிர். நீர் ஒளியைப் பருகுகிறது. அதிலும் சிவப்பையே முதலில் பருகுகிறது. ஐந்து மீட்டர் தொலைவு நீரைக் கடந்துவரும் ஒளியில் சிவப்பு பெரும்பாலும் எஞ்சுவதில்லை. இத்தொலைவு ஆழத்தை மட்டும் குறிப்பதன்று. மேலிருந்து பொருளுக்கு இறங்கும் வழியும், பொருளிலிருந்து லென்சுக்கு வரும் வழியும் சேர்ந்த கணக்கு அது. மூன்று மீட்டர் ஆழத்திலுள்ள பவளத்தை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் படம் முழுதும் பச்சையும் நீலமுமே. அதே பவளத்தை ஒரு முழத் தொலைவில் சென்று எடுத்தால் வண்ணம் பாதி மீண்டுவிடும். தூரத்துப் பொருளை உருப்பெருக்கிக் காட்டும் வசதி காமிராவில் இருந்தாலும் நீருக்குள் அதைத் தொடவே கூடாது. நீரில் பொருள்கள் இருக்கும் தொலைவில் முக்கால் பங்கிலேயே இருப்பதாகத் தோன்றும். ஆகவே கிட்டே வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது இன்னும் கிட்டே போகவேண்டியிருக்கும். பிளாஷ் விளக்கும் இவ்விடத்தில் உதவாது. நீரில் மிதக்கும் தூசியெல்லாம் அவ்வொளியில் மின்னி, பவளத்தின்மேல் அரிசிமாவைத் தூவியதுபோல் ஆகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு, கடலடியின் வெண்மணலைக் காட்டி ‘இதுவே வெள்ளை’ என்று காமிராவுக்குக் கற்பித்தோம். பல காமிராக்களில் இதற்கென ஓர் அமைப்பு உண்டு. அதன்பின் வந்த படங்களில் பழுப்பு பழுப்பாகவும் ஊதா ஊதாவாகவும் தெரிந்தன. காலை ஒன்பது முதல் பதினொன்று வரையே நமக்கு நல்ல நேரமாக வாய்த்தது. அதன்பின் காற்று எழுந்து மண்ணைக் கலக்கிவிட்டது.

பாரை அடைந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மான்கொம்பு போல் கிளைத்த பவளங்கள் பல, சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்து நின்றன. உருண்டைக் கற்களிலும் ஆங்காங்கே வெண்திட்டுகள். கலங்கிய நீருக்குள் அவை தாமே ஒளிவிடுவனபோல் தோன்றின. காமிராவுக்கு அவற்றைப்போல் இசைந்த பொருள் வேறில்லை. வண்ணம் கெடுவதற்கு அங்கே வண்ணமே இல்லையே. பவளம் என்பது கல்லன்று. கல்வீடு கட்டிக்கொண்டு அதனுள் கூட்டமாக வாழும் சிற்றுயிர். அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் ஊட்டுகின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அவற்றாலேயே. நீரின் வெப்பம் பல நாட்கள் அளவுக்குமேல் ஏறி நின்றால் இந்த உறவு முறிந்து, பாசிகள் வெளியேற்றப்படுகின்றன. எஞ்சும் வெண்மை பட்டினியின் நிறம். 1998-லும் 2010-லும் இக்கடலில் இவ்வாறு நேர்ந்தது. 2016 அடுத்த முறை. உலகின் பல கடல்களும் அவ்வாண்டு வெளுத்தன.

பெரியவரின் யோசனைப்படி ஏழு கற்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொன்றையும் ஒரே பக்கத்திலிருந்து, அருகே ஒரு முழக்கோலை நீட்டிப் பிடித்து, கிட்டவும் சற்றுத் தள்ளியும் எடுத்தோம். கரையில் தெரியும் கோவில் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் நேர்கோட்டில் வைத்து அவர் இடக்குறி சொன்னார். அக்குறியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். மீண்டும் வந்து அதே கல்லைக் காணாவிட்டால் படம் எடுத்ததன் பயன் பாதிதான்.

ஞாயிறு மாலை பங்கு வளாகத்துச் சுவரில் வேட்டியைக் கட்டி, இளையோர் குழுவினர் புரொஜெக்டர் வைத்துப் படங்களைக் காட்டினர். ஊரே திரண்டிருந்தது. தம் வீட்டுத் திண்ணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்படியொரு தோட்டம் கிடக்கிறதென்று அங்கிருந்த சிறுவர்களில் பலர் அறியார். ஆண்களோ வலை வீசுமிடத்தை மேலிருந்து அறிந்தவர்களேயன்றி அடியிலிருந்து அறிந்தவர்கள் சிலரே. ஓரா மீனுக்கு ஒரு சிரிப்பு, கடல் அட்டைக்கு ஒரு முகச்சுளிப்பு. வெளுத்த மான்கொம்புப் பவளம் திரையில் தோன்றியபோது மட்டும் கூட்டம் முழுவதும் “ஆ” என்றது. “பனிக்கட்டிப் பூ மாதிரி இருக்கு” என்றாள் ஒரு சிறுமி. ஓர் இளைஞர் அதைத் தம் கைப்பேசியில் படம் பிடிக்கவும் எழுந்தார்.

விளக்கம் கூற நாம் வாய் திறக்குமுன், பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டியின் குரல் எழுந்தது. பத்து வயதிலிருந்து அப்பாரில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு இன்றும் இறங்குபவர்.

“பூவும் இல்ல, காயும் இல்ல. வெந்துபோன கல்லு அது. போன தைமாசம் நான் பார்க்கும்போது தவிட்டு நிறமா இருந்துச்சு சாமி. அந்த இடம் எனக்குத் தெரியும். பக்கத்துல ஒரு பெரிய மூளைக்கல்லு கிடக்கும், அதையும் எடுத்திருக்கீங்களா?”

எடுத்திருந்தோம். அடுத்த படமே அது. கூட்டம் அமைதியாயிற்று. பவளம் போனால் குஞ்சு மீனுக்கு வீடில்லை, அலையைத் தடுக்கக் கரைக்கு வேலியில்லை என்பதை நாம் சொல்லத் தேவையின்றி அவர்களே ஒருவர்க்கொருவர் பேசிக்கொண்டனர். வத்தைப் பெரியவர் கேட்டார்: “செத்துப் போச்சா சாமி, இல்ல திரும்புமா?” வெளுத்தது எல்லாம் இறந்ததன்று, நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் மீண்டும் குடியேறக்கூடும், நீடித்தால் பட்டினியால் மடியும், அதன்பின் பச்சைப் பாசி மூடிவிடும் என்று கூறினோம். எப்போது தெரியும் என்றார். மழைக்குமுன் என்றோம்.

செப்டம்பர் திங்களில் மூன்று நாட்களுக்கு மட்டும் மீண்டும் சென்றோம். இம்முறை அம்மூதாட்டியும் வத்தையில் ஏறிக்கொண்டார். நாம் கோபுரத்தையும் பனையையும் பார்த்துக் கணக்கிட்டுக்கொண்டிருக்கையில் அவர் நீரில் இறங்கிக் கல்லின் அருகில் நின்று கையை உயர்த்திவிட்டார். நீர் முன்னைப்போல் தெளிவாக இல்லை. ஆதலால் ஒவ்வொரு கல்லையும் ஒட்டிச் சென்றே படம் எடுக்க முடிந்தது. மான்கொம்புப் பவளங்கள் நான்கில் மூன்றின் கிளைகள் மேல் அழுக்குப் பச்சை படர்ந்திருந்தது. ஒன்று நொறுங்கியே கிடந்தது. உருண்டைக் கற்கள் மூன்றிலும் தவிட்டு நிறம் திரும்பியிருந்தது. மூளைக்கல்லின் உச்சியில் மட்டும் உள்ளங்கையளவு வெண்திட்டு எஞ்சியிருந்தது. தடித்த உருண்டைப் பவளங்கள் இத்தகைய சோதனையைப் பெரும்பாலும் தாங்கி நிற்பதும், மென்மையான கிளைப்பவளங்கள் முதலில் மடிவதும் அறிஞர்கள் பல கடல்களில் கண்டதே.

அன்று மாலை மே மாதப் படத்தையும் செப்டம்பர் படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினோம். “ஆ” என்ற ஒலி இம்முறை எழவில்லை. படங்கள் முடிந்ததும் மூதாட்டி எழுந்து, பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்து, பிழைத்த மூன்று கற்களுக்கும் இடக்குறி சொன்னார். “மரிக்கொழுந்து செத்த கல்லுலயும் முளைக்கும். இந்த மூணுலயும் யாரும் கால் வைக்க வேணாம்” என்றார். அதற்கு மறுப்பு எழவில்லை. எந்தக் கல் என்பதில் மட்டும் இருவருக்கிடையே சிறு வாக்குவாதம் நடந்தது. மீண்டும் படத்தைப் போட்டுக் காட்டித் தீர்க்கவேண்டியதாயிற்று.

காமிராவை நண்பரிடமே விட்டு வந்தோம். மூதாட்டியின் பேத்தி அதைக் கையாளக் கற்றுக்கொண்டாள். ஆண்டுதோறும் பங்குனியில் ஒரு முறையும் ஆவணியில் ஒரு முறையும் அந்த ஏழு கற்களையும் எடுப்பது என்று ஏற்பாடு. 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகக் கடல்கள் நான்காம் முறையாகப் பெருமளவில் வெளுத்துவருவதாக அறிஞர்கள் அறிவித்தபோது, நமக்கு முதலில் நினைவுக்கு வந்தவை அவளுடைய படங்களே. பேட்டரி இருமுறை மாற்றப்பட்டிருக்கிறது. ரப்பர் வளையத்தை ஆண்டுக்கொருமுறை தவறாமல் மாற்றும்படி சொல்லியிருக்கிறோம்.